ரொட்டி வண்டிக்குத் தகுந்த தகடு

அக்டோபர் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, புல்வெளிகளில் முதல் உறைபனி படிந்திருந்த காலை, மணி ஒன்பது பத்துக்கு, திருமதி ஹலினா ட்ரோஸ்ட் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் நூற்றுப் பதினேழாம் எண் சீட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. தாம் வாங்கியிருக்கும் சிறிய பிக்கப் வண்டிக்கு எந்தப் பதிவுத் தகடு சரியானது? இதற்கு அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும் என்று அவர் நம்பினார். முப்பத்தோராண்டு காலம் சிகாகோவுக்கு மேற்கே குடியிருந்து ஒழுங்காக வரி கட்டியவருக்கு அப்படியொரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று ஏதும் இல்லை.

வண்டி பழையது, ஆனால் நல்லது. இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஆறடி நீளத் திறந்த தொட்டி. அதன் மேல் கித்தான் கூரை போட்டு, ரொட்டித் தட்டுகளை அடுக்க ஹலினாவின் கணவர் ஸெனன் மரச்சட்டம் அடித்திருந்தார். நவம்பர் முதல் தேதியிலிருந்து, நகரத்து மேற்குக் கோடியில் உள்ள மருத்துவமனைக்கு, நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குள் இருநூற்று நாற்பது கம்பு ரொட்டிகள் போய்ச் சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு முறை தாமதமானால் எச்சரிக்கைக் கடிதம். இரண்டாம் முறை தாமதமானால் ஒப்பந்தம் முடிந்தது. அது இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும். இல்லாவிட்டால், ஸெனன் தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், வீங்கிய முழங்காலோடு, ஏதாவதொரு கிடங்கில் பெட்டி தூக்கப் போக வேண்டும்.

கவுண்டரில் இருந்தவர் மிஸ் ஸ்பென்ஸ். அவர் கண்ணாடித்தாள் ஒட்டிய நீண்ட அட்டவணை ஒன்றை ஹலினாவின் பக்கம் நகர்த்தினார். அதில் அறுபத்திரண்டு வகைத் தகடுகள் இருந்தன. வண்ணத்துப்பூச்சிகளை நேசிப்போருக்கு ஒன்று. கல்லூரிக் கால்பந்து அணிகளை நேசிப்போருக்கு ஒன்பது. பிக்கப் வண்டிகளுக்கு மட்டும் மூன்றே மூன்று: சரக்குத் தகடு, உல்லாசத் தகடு, குடில் வண்டித் தகடு.

"வண்டில என்ன ஏத்துவீங்க மேடம்?"

"ரொட்டி."

"விக்கிற ரொட்டியா, திங்கிற ரொட்டியா?"

"விக்கிறதையும் திங்கத்தான் வாங்குறாங்க."

விண்ணப்பப் படிவத்தின் முன்னால் நகைச்சுவை செய்பவர்களை மிஸ் ஸ்பென்ஸ் வெறுக்கவில்லை, அவர்களுக்காக வருந்தினார். விற்றால் அது சரக்கு என்றும், சும்மா கொடுத்தாலோ, எதையும் ஏற்றாமலே ஓட்டினாலோ அது உல்லாசம் என்றும் பொறுமையாக விளக்கினார்.

"அப்போ எனக்குச் சரியான பிளேட் எது?"

"எது சரின்னு நான் சொல்லக்கூடாது மேடம். நீங்க எடுத்தது தப்புன்னா, அதைப் பின்னாடி சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"அது வேற ஆபீஸ்."

ஹலினா சரக்குத் தகட்டை எடுத்துக்கொண்டார். சரக்கு வண்டியின் இரு கதவுகளிலும் தொழிலின் பெயர் மூன்று அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இளமையில் க்டான்ஸ்க் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயர் எழுதியவர் ஸெனன். எனவே 'ட்ரோஸ்ட் ரொட்டிக்கூடம்' என்ற எழுத்துகள், கடலில் இரண்டு மைல் தொலைவிலிருந்தும் படிக்கும்படி, சிவப்பு நிறத்தில் அமைந்தன.

இரண்டு மைல் தேவைப்படவில்லை. எதிர் வீட்டிலிருந்தே படித்துவிட்டார்கள். மறுநாள் காலை வண்டியின் கண்ணாடியில் அறுபது டாலர் அபராதச் சீட்டு செருகப்பட்டிருந்தது. ஆல்டர் க்ரெஸ்ட் ஊராட்சியின் குடியிருப்புத் தெருக்களில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை சரக்கு வண்டி நிற்கக் கூடாது. வீட்டுக் கொட்டகையில் நிறுத்தலாமே என்றால், அங்கே ரொட்டி சுடும் அடுப்பு இருக்கிறது. உள்ளூர்க் கைத்தொழிலை ஊக்குவிக்கும் திட்டத்தின் கீழ், நாடா வெட்டிப் புகைப்படமும் எடுத்து, அந்த அடுப்புக்கு அனுமதி கொடுத்தது அதே ஊராட்சிதான்.

சீட்டு எழுதியவர் வாகன நிறுத்தக் கட்டுப்பாட்டு அலுவலர் வெண்டெல் ப்ரூயிட். விதி என்று எழுதியிருந்தால் தம் தாயாரின் வண்டிக்கும் சீட்டு எழுதக்கூடியவர், எழுதியும் இருக்கிறார். ஹலினா அவரை வழிமறித்து, எதிர் வீட்டு வாசலில் நின்ற கறுப்பு வண்டியைச் சுட்டிக் காட்டினார். அதுவும் பிக்கப்தான். ஆனால் ஹலினாவின் வண்டியைப் போல் இரண்டைத் தூக்கி அதன் முதுகில் வைத்துவிடலாம். ஏறுவதற்குத் தனியாகப் படி உண்டு. தாடை அறுவை மருத்துவர் கார்ல் லுண்ட்கிரனுடையது.

"அது மட்டும் நிக்கலாமா?"

"அது உல்லாச வண்டி மேடம்."

"என் வண்டியை விட ரெண்டு மடங்கு பெரிசு. அதுல என்னதான் ஏத்துறாரு?"

"ஒண்ணும் ஏத்துறதில்ல. அதனாலதான் அது உல்லாசம்."

அந்தத் தெருவில் அப்படி முப்பத்தெட்டு வண்டிகள் இருந்தன என்பதை அன்றுதான் ஹலினா எண்ணிப் பார்த்தார். கடன் ஆலோசகர்கள், பல் மருத்துவர்கள், ஒரு யோகா ஆசிரியை என்று எல்லோரும் மரம் வெட்டப் புறப்பட்டவர்களைப் போன்ற வண்டிகளை வைத்திருந்தார்கள். அவற்றின் தொட்டிகளில் ஒரு துரும்பும் கிடக்கவில்லை. ஆக, வேலை செய்யாத லாரி மரியாதைக்குரிய கார். வேலை செய்யும் கார் ஊருக்கு ஆகாத லாரி. ஹலினா இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அவர் எதையும் எழுதி வைக்கும் பழக்கமுடையவர்.

சரக்கு வண்டிகளுக்கென்று ஊராட்சி ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. நான்கு மைல் தள்ளி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்புறம். விடியற்காலையில் அங்கே போகப் பேருந்து கிடையாது. நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். வாடகைக் காருக்குப் பதினான்கு டாலர். நவம்பர் பதினான்காம் தேதி அந்த வாடகைக் கார் வரவேயில்லை. ஹலினா அரை வழி நடந்தார், மீதி அரை வழி ஓடினார், வண்டியை எடுத்து வந்து தட்டுகளை ஏற்றி, ஐந்து நாற்பத்தொன்றுக்கு மருத்துவமனைக் கதவைத் தொட்டார். எச்சரிக்கைக் கடிதம் மூன்று நாளில் வந்தது. மிகுந்த மரியாதையோடு எழுதப்பட்டிருந்தது.

"இன்னும் ஒரு தடவை லேட்டானா அவ்வளவுதான் ஸெனெக்," என்றார் ஹலினா, கணவரைச் செல்லப் பெயரால் அழைத்து.

ஸெனன் அட்டவணையை மூன்று முறை படித்தார். குடில் வண்டித் தகடு வைத்திருப்போர் தெருவில் நிறுத்தலாம் என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதற்கு வேண்டியவை மூன்று: படுக்கை, அடுப்பு, குடிநீர்.

"வண்டியை வீடாக்கிட்டா, வீட்டு முன்னாடி வீடு நிக்கலாம்ல ஹலின்கா," என்றார்.

அவர் தொட்டியில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார். ஒற்றை அடுப்பு ஒன்றைத் திருகி வைத்தார். இருபது லிட்டர் தண்ணீர்க் குடுவையைக் கயிற்றால் கட்டினார். சோதனைக்கு வந்த ப்ரூயிட் கட்டிலில் படுத்துப் பார்த்தார். விதி அப்படிச் சொல்லியிருந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்து, படுக்கை தரமானது என்று கையெழுத்திட்டார். தெருவில் ஐந்து இரவுகள் வண்டி சட்டப்படி நின்றது. ஆறாம் நாள் சுகாதார அலுவலர் வந்தார். படுக்கையறைக்குள் வைத்து ரொட்டியைக் கொண்டுபோவது பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று அறிவித்தார். கட்டிலை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக எடுக்கலாம், எடுத்தால் தகடு போய்விடும் என்றார். மிஸ் ஸ்பென்ஸ் மூன்றாம் முறையாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய சரக்குத் தகட்டைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கும்போது, தமக்கு இந்த ரொட்டி மிகவும் பிடிக்கும் என்றும் சொன்னார்.

ஹலினா ஊராட்சி மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தெருவுக்குப் பாரமாக இருப்பது எது என்று அறிய விரும்பினால் தகட்டைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள் என்பதே அதன் சாரம். ஒன்றரைப் பக்கம், ஒரு சொல் கூடுதலாக இல்லை. மன்றம் கூடியது. டாக்டர் லுண்ட்கிரன் எழுந்து, ஹலினாவின் ரொட்டியை மனமாரப் புகழ்ந்தார். கையால் பிசைந்த, உள்ளூரில் சுட்ட, மெதுவாகப் புளித்த அந்த ரொட்டி இல்லாமல் தமக்குச் சனிக்கிழமை விடிவதில்லை என்றார். கூட்டம் கைதட்டியது. ஆனால் ஒரு தெருவுக்கென்று ஒரு முகம் இருக்கிறது என்றும், அந்த முகத்தில் சிவப்பு எழுத்தை எழுதலாகாது என்றும் முடித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

"உங்களுக்கு ரொட்டி வேணும். ரொட்டி வர்ற வண்டி வேண்டாம்," என்றார் ஹலினா. "அப்போ ரொட்டி எப்படி வரணும் டாக்டர்?"

"அதை நீங்கதான் யோசிக்கணும் ஹலினா. தொழில் உங்களோடது."

தாங்கள் பாரபட்சம் பார்ப்பதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் மன்றம் கவனமாக இருந்தது. ஆகவே விதியைத் திருத்தினார்கள். இனிமேல் தகடு எதுவாயினும், விலை கொடுத்து வாங்கப்பட்ட பொருள் ஒன்றை ஊராட்சித் தெருவில் எந்தத் தொட்டி சுமந்தாலும் அது சரக்கு வண்டியே. சரக்குத் தகடு இன்றிச் சுமந்தால் அபராதம் நூற்றைம்பது டாலர். அன்று முதல் அது சரக்குத் தகடும் பூண வேண்டும். டிசம்பர் முதல் தேதி முதல் அமல். முப்பத்தெட்டு வண்டிக்காரர்களும் கை தூக்கினார்கள். அவர்களில் ஒருவரும் தொட்டியில் எதையும் ஏற்றியதில்லை, ஏற்றவும் போவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. வழக்கறிஞர்கள் நால்வர் இருந்த அந்தச் சபையில், அடுத்த சனிக்கிழமை என்ன நாள் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை தேவாலயத்து மைதானத்தில் கிறிஸ்துமஸ் மரம் விற்பார்கள். அந்தத் தெருவார் பிக்கப் வண்டி வாங்கியதற்குத் தத்தம் மனைவியரிடம் சொல்லிய ஒரே காரணம் இந்த ஒரு நாள்தான். மரத்தைத் தொட்டியில் கிடத்தி, நுனியில் சிவப்பு நாடா கட்டி, ஊரைச் சுற்றி வருவது வழக்கம். ப்ரூயிட் மைதானத்தின் முனையில், புதுச் சீட்டுக் கட்டோடு, பனியில் நின்றிருந்தார்.

"வெண்டெல், இது கிறிஸ்துமஸ் மரம்யா," என்றார் டாக்டர் லுண்ட்கிரன்.

"காசு குடுத்து வாங்கினீங்களா டாக்டர்?"

"பின்ன திருடிட்டா வர்றேன்?"

"திருடியிருந்தா விதி பொருந்தாது. வாங்கினதுதான் சிக்கல்."

மாலைக்குள் முப்பத்தெட்டுச் சீட்டுகள் கிழிக்கப்பட்டன. திங்கட்கிழமை மிஸ் ஸ்பென்ஸின் கவுண்டரின் முன்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒவ்வொருவரும் தமக்குச் சரியான தகடு எது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். சரக்குத் தகடு வந்ததும் அடுத்த இடர் வந்தது. கதவில் தொழிலை எழுத வேண்டும். ஆனால் அவர்கள் செய்யும் தொழிலில் எழுதும்படியாக எதுவும் இல்லை. 'வரி விலக்கு ஆலோசனை' என்று எழுதிய பிக்கப் வண்டியை யார் ஓட்டுவார்? ஒருவர் யோசித்துக் கொல்லுப்பட்டறை என்று எழுதிக்கொண்டார். எழுத்து ஸெனனுடையது. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். யோகா ஆசிரியை வைக்கோல் மண்டி ஆனார். ஒரு வழக்கறிஞர் குதிரை லாடம் ஆனார். டாக்டர் லுண்ட்கிரன் நெடுநேரம் சிந்தித்து, 'லுண்ட்கிரன் ரொட்டிக்கூடம், 1911 முதல்' என்று எழுதச் சொன்னார். அவருடைய பாட்டனார் ஸ்வீடனிலிருந்து வந்திறங்கிய ஆண்டு அது. அவர் வந்ததும் ஒரு ரொட்டி வாங்கித் தின்றதாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எழுத்துக்குத் தொண்ணூறு டாலர். நூறாண்டு வெயிலில் வெளுத்தது போலத் தெரிய வேண்டுமானால், மேலும் நாற்பது. எல்லோரும் வெளுத்ததையே விரும்பினார்கள்.

ஆனால் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சரக்கு வண்டி சரக்கு வண்டியே. முப்பத்தெட்டு வண்டிகளும் கழிவுநீர் நிலையத்தின் பின்னால் போய் நின்றன. அவற்றின் உரிமையாளர்கள் தோல் காலணிகளோடு அந்தச் சேற்றில் இறங்கிய மூன்றாம் நாள், மன்றம் அவசரமாகக் கூடியது. இரவு நேரத் தடை மனிதத்தன்மை அற்றது என்று அங்கே பேசப்பட்டது. ஹலினா ஒன்றரைப் பக்கத்தில் எழுதியதை ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். தடையை நீக்கினால் உண்மையான லாரிகள் வந்துவிடுமே என்ற கவலை மட்டும் எஞ்சியது. ஆகவே இப்படித் தீர்மானித்தார்கள்: கதவில் எழுதியிருக்கும் தொழிலை அதன் உரிமையாளர் உண்மையில் செய்யாதிருப்பாராயின், அந்த வண்டி பாரம்பரிய வண்டி எனக் கருதப்பட்டு, தெருவில் எந்நேரமும் நிற்கலாம், எதை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

முப்பத்தொன்பது வண்டிகளில் ஒன்றே ஒன்றின் கதவில் மட்டும் உண்மை எழுதியிருந்தது. அதற்கு அனுமதி இல்லை.

"நீங்க செய்யாத தொழிலா பார்த்து எழுதிடுங்க மேடம்," என்றார் ப்ரூயிட். அவருக்கு ஹலினா மேல் மதிப்பு இருந்தது. "அஞ்சு நிமிஷ வேலை."

ஹலினா தம் வாழ்நாளில் எந்த ஆவணத்திலும் பொய் எழுதியதில்லை. இது பொய் ஆகாதா என்று கேட்டார். பொய்யாக இருந்தால்தான் செல்லும் என்றார் ப்ரூயிட். இரண்டு இரவுகள் யோசித்தார். மூன்றாம் நாள், புத்தாண்டு பிறந்த மறுநாள், ஸெனன் சிவப்பு எழுத்துகளைச் சுரண்டிவிட்டு 'ட்ரோஸ்ட் பியானோ' என்று எழுதினார். வண்டி தன் வீட்டு வாசலில், சட்டத்தின் முழு ஆசியோடு நின்றது. மறுநாள் விடியற்காலை, ஒரு மாதத்துக்குப் பின் முதல் முறையாக, ஹலினா ஐந்து மணி வரை அவசரமின்றிக் காப்பி குடித்தார்.

ஐந்து இருபத்து நான்குக்கு மருத்துவமனைச் சரக்கு வாயிலில் காவலாளி அவரை நிறுத்தினார். அவர் கையில் பட்டியல் இருந்தது.

"பியானோ யாரும் ஆர்டர் பண்ணலையே."

"பியானோ இல்ல தம்பி. ரொட்டி. தினம் வர்றேனே, என்னைத் தெரியலையா?"

"உங்களைத் தெரியும் மேடம். வண்டியத்தான் தெரியல. ரொட்டி, ரொட்டி வண்டிலதான் வரணும். இங்க அப்படித்தான் போட்டிருக்கு."

கித்தானைத் தூக்கிக் காட்டினார் ஹலினா. தட்டுகளிலிருந்து ஆவி வந்தது. காவலாளி மணத்தை ரசித்தார். ஆனால் மணம் பட்டியலில் இல்லை. மேலதிகாரியைக் கேட்கலாம், அவர் எட்டு மணிக்கு வருவார் என்றார். ஐந்து இருபத்தாறு. கிடங்கில் பெட்டி தூக்கும் ஸெனனின் முழங்கால் ஹலினாவின் கண் முன்னே வந்து நின்றது. அந்நேரம் பின்னால் ஒரு பெரிய வண்டியின் விளக்கொளி அவர் மேல் விழுந்தது. காலை அறுவைச் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த டாக்டர் லுண்ட்கிரன், வழி கிடைக்காமல், கண்ணாடியை இறக்கினார்.

காவலாளி அந்த வண்டியின் கதவைப் படித்தார். முகம் தெளிந்தது.

"நீங்க கொஞ்சம் ஓரமா ஒதுங்குங்க மேடம். ரொட்டி வண்டி வந்தாச்சு."

பன்னிரண்டு தட்டுகளும் இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்கு மாறின. காவலாளியே நான்கைத் தூக்கினார். ஐந்து இருபத்தொன்பதுக்கு லுண்ட்கிரன் ரொட்டிக்கூடத்தின் வண்டி உள்ளே போயிற்று.

அன்று மாலை டாக்டர் தெருவைக் கடந்து வந்தார். தாம் வாரநாள்களில் எப்படியும் அதே நேரத்துக்கு அதே வாயிலுக்குப் போவதாகவும், வார இறுதிக்குத் தம் மகன் ஓட்டுவான் என்றும், அக்கம்பக்கத்தார் என்றால் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வேண்டாமா என்றும் சொன்னார். ஹலினா நன்றி சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, மாதம் நானூறு டாலர் என்றார். கரும்பு தின்னக் கூலி கேட்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். ப்ரூயிட் இந்த ஏற்பாட்டை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டாக்டர் ரொட்டி சுடுவதில்லை. ஆகவே கதவில் எழுதிய தொழிலை அவர் செய்யவில்லை. ஆகவே குற்றம் இல்லை.

ஹலினாவின் வண்டி தெருவில் நிற்கிறது. எதையும் ஏற்றுவதில்லை. ஞாயிறுதோறும் அவர் அதைக் கழுவித் துடைக்கிறார். ஈஸ்டருக்கு நாற்காலிகள் கொண்டுபோகத் தேவாலயத்தார் அதை இரவல் கேட்டபோது, தெருவுக்கென்று ஒரு முறை இருக்கிறதே என்று தயங்கி, மறுத்துவிட்டார். கேட்க வந்தவர் அதைப் புரிந்துகொண்டார். அவரிடமும் ஒரு வண்டி இருந்தது.

டாக்டர் லுண்ட்கிரனுக்கு முதல் மாதக் கூலி நானூறு டாலரை ஹலினா ஜனவரி முப்பத்தோராம் தேதி கொடுத்தார். கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கட்டிய நூற்றைம்பது டாலரை, முப்பத்தெட்டுப் பேரும் மேல்முறையீடு செய்து, பிப்ரவரி ஆறாம் தேதி ஊராட்சியிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். உரிமமின்றிக் கதவுகளில் எழுதியதற்காக ஸெனன் பிப்ரவரி இருபதாம் தேதி முந்நூறு டாலர் கட்டினார். அக்டோபரிலும் நவம்பரிலும் ஹலினா கட்டிய ஒன்பது அபராதங்கள், ஆக மொத்தம் ஐந்நூற்று நாற்பது டாலர், திரும்ப வரவில்லை. கட்டிய அன்று அவை சரியாகவே இருந்தன என்று மார்ச் மூன்றாம் தேதியிட்ட கடிதம் தெரிவித்தது. அதற்கான தபால் கட்டணமும் அவரிடமே வசூலிக்கப்பட்டது.